கட் சொன்ன பிறகு

சித்தப்பா இறந்த மறுநாள் அவர் மகள் எடிட்டிங் அறைக்கு வந்தாள். அவர் யாருக்கும் சொந்தச் சித்தப்பா இல்லை. படத்துக்குப் படம் ஹீரோவின் சித்தப்பாவாகவே வந்து போனதில் நடிகருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"அஞ்சலிக் கூட்டத்துக்கு வீடியோ பண்றீங்களாமே. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் மகள். "அதுல கொஞ்ச நேரமாவது அப்பா மட்டும் இருக்கணும். கூட யாரும் வேண்டாம். ஊருக்கெல்லாம் சித்தப்பா, எனக்கு மட்டும்தானே அப்பா."

"அதுக்கென்னம்மா, தாராளமா" என்றார் எடிட்டர். அவள் படியிறங்கியதும் உதவி எடிட்டரிடம், "பூனை, நீ பாத்துக்கோ" என்றார். வாய் திறப்பதைவிடத் தலையாட்டுவதே அதிகம் என்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயர் அது.

பூனை பழைய படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினாள். சித்தப்பா எங்கும் இருந்தார். தனியாக எங்கும் இல்லை. அவர் கண் கலங்கும் ஷாட்டில்கூட ஹீரோவின் தோள் குறுக்கே வந்து பாதி முகத்தை விழுங்கியிருந்தது. இன்னொன்றையும் கவனித்தாள். அவர் கை சும்மாவே இல்லை. ஹீரோ வசனம் பேசும்போதெல்லாம் துணி மடித்தார், பழம் உரித்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏன் சார் எப்பப் பாத்தாலும் ஏதாவது செஞ்சுட்டே இருக்காரு?"

எடிட்டர் சிரித்தார். "கில்லாடி மனுஷன். ஹீரோ பேசறப்ப பாதி மடிச்ச துணியோட நிப்பாரு. நடுவுல அவரை வெட்டினா அடுத்த ஷாட்ல துணி தானா மடிஞ்சு கிடக்கும். அதனால வெட்டவே முடியாது. எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டிருக்கேன்!"

"அப்புறம் மீதியை மடிப்பாரா?"

"எந்த மீதி?"

"ஹீரோ போயிட்டாரு. துணி பாதிதான் மடிச்சிருக்கு."

"அதை யாரு கண்டா? ஹீரோ போனா நான் வெட்டிடுவேன். அதுக்கு மேல குப்பைதான்."

கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது. சித்தப்பாவின் கடைசிப் படம் இன்னும் அதே அறையில்தான் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. வெட்டாத காட்சிகளைத் திறந்தாள். ஹீரோ கோபமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். "கட்!" என்றது இயக்குநரின் குரல். கேமராக்காரர் உடனே நிறுத்துகிற ஆள் இல்லை போலிருக்கிறது, படம் ஓடியது.

சித்தப்பாவும் நிறுத்தவில்லை. பாதி மடித்த துணியை முனையோடு முனை சேர்த்தார். உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் எடுத்தார். அடுக்கின் மேல் வைத்தார். அடுக்கு லேசாகச் சாய, அதையும் சரிசெய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஃப்ரேமுக்குள் வேறு யாருமே இல்லை.

பூனை அடுத்ததைத் திறந்தாள். பழத்தை முழுசாக உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றில் கண்ணாடியைத் துடைத்து முடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எதிலும் வேலை பாதியில் நிற்கவில்லை.

அவள் கோத்து வைத்ததை எடிட்டர் கடைசிவரை பார்த்தார். "சரிதான். அந்த 'கட்' சத்தத்தை மட்டும் எடுத்துடு."

"வேண்டாம் சார். அதுக்கப்புறம்தானே அவரு தனியா இருக்காரு."

எடிட்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

கூட்டத்தன்று காலையில் மகள் வந்து பார்த்தாள். முதலில் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டு போனவள், கை அந்தரத்தில் நிற்க, திரைக்கு அருகே குனிந்தாள்.

"இது நடிப்பா?"

"கட் சொல்லிட்டாங்கக்கா" என்றாள் பூனை.

"வீட்ல ஒரு கைக்குட்டையை மடிச்சதில்லை. உரிச்ச தோல் நாற்காலி மேலயே கிடக்கும். அம்மா தொண்டை வத்தக் கத்துவாங்க." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, லேசாகக் கோபமும் வந்தது. "யாரு இந்த மனுஷன்?"

"தெரியலைக்கா. இன்னும் வெட்டாதது நிறைய இருக்கு."

மகள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு எடிட்டரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.