அலமாரி மேலிருந்த விரிப்புகள்

என் கைக்குத் தலைக்கனம் உண்டு. அதை நான் மறைப்பதில்லை. பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் முதுகில் முழங்கையை ஊன்றிப் பிழைக்கிறேன். டாக்டர்கள் கைவிட்ட இடுப்பெல்லாம் என் கட்டிலிலிருந்து எழுந்து நடந்து போயிருக்கிறது. மேலாகத் தடவிவிட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் உள்ளே போய், வலி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து அழுத்துகிறவள்.

சலவைக் கடைக்காரர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. பதினோரு வருஷம் மெஷினிலிருந்து ஈரத் துணியை இழுத்து இழுத்து, உயரக் கம்பியில் வீசி வீசித் தோள்பட்டை கட்டையாகிப் போயிருந்தது. என் கட்டில் விரிப்புகளும் அவர்கள் கடையில்தான் வெளுக்கும். அதனால் பேச்சு சுலபமாக முடிந்தது. நான் அவளைச் சரிசெய்ய வேண்டும். அவர் ஆறு மாசத்துக்கு என் விரிப்புகளைச் சும்மா துவைத்துத் தருவார்.

முதல் நாள், கட்டிலில் முகம் வைக்கிற ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். தோள் எலும்புக்கு அடியில் விரலை நுழைத்தேன். கோலிக்குண்டு மாதிரி ஒரு முடிச்சு.

"கத்தணும்னா கத்திடும்மா. இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவள் கத்தவில்லை. "நல்லா அழுத்துங்கக்கா. இதுவரைக்கும் யாரும் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சதே இல்லை" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நாலாவது வாரம் முடிச்சு கரைந்தது. ஐந்தாவது வாரம் அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் அவளைக் கேட்டால் "அப்படியேதான் இருக்குக்கா" என்கிறாள். கையைத் தூக்கச் சொன்னால் தோளோடு நின்றுவிடுகிறது. என் விரலுக்கு அடியில் தசை வெண்ணெயாகக் கிடக்க, இவள் வலிக்கிறது என்கிறாள். ஆறாவது வாரமும் அதே பாட்டு.

ஏழாவது வாரம் கதவைச் சாத்திவிட்டு, "என்னடி, என்கிட்டயே விளையாடுறியா?" என்றேன்.

முகம் வைக்கிற ஓட்டை வழியாகக் கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"கல்லாவுல உக்காந்திருக்கேன்க்கா. கை தூக்க முடியலைன்னுதான் நாற்காலி போட்டுக் குடுத்தாரு. துணி இழுக்க என் கொழுந்தனை நிறுத்தியிருக்காரு. இத்தனை வருஷத்துல நான் கடையில உக்காந்ததே இல்லை. வர்றவங்க என் முகத்தைப் பாத்துப் பேசுறாங்கக்கா. நல்லாயிடுச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே பின்கட்டுக்கு அனுப்பிடுவாரு. கொஞ்ச நாளைக்குச் சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"சரி, சரி, படு" என்றேன். மனசு இளகத்தான் செய்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இவள் உட்காருவதற்காக என் கை தோற்க வேண்டுமா?

எட்டாவது வாரம் கூட்டிப் போக வந்த புருஷன் முன்னறையிலேயே ஆரம்பித்துவிட்டார். கழுத்துப் பட்டையோடு ஒரு டாக்ஸி டிரைவரும், முதல் முறையாக வந்திருந்த ஒரு தையல்காரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு மாசம் ஆச்சு மேடம். உங்க பேரை நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன். சும்மா எண்ணெயைத் தடவி அனுப்பிட்டிருக்கீங்களா?"

தையல்காரம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெயைத் தடவியாம்! அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லுங்கக்கா" என்றாள், வாய்க்குள்ளேயே.

அவள் கட்டில் அறை வாசலில் நின்றாள்; பக்கத்திலேயே, கதவுக்கு உள்பக்கம் அலமாரி. அதன் மேல் தட்டில், அன்று காலை அவர்கள் கடையிலிருந்து வந்த என் விரிப்புகள். துண்டு எடுக்கிற சாக்கில் கையை நீட்டி, அந்த அடுக்கை அப்படியே தள்ளிவிட்டேன்.

"ஐயோ, விரிப்பு!"

பதினோரு வருஷம் அந்தக் கடையில் வெந்தவள். வெளுத்து மடித்த துணி தரையில் விழுவதை அவள் உடம்பு பார்த்துக்கொண்டு நிற்காது. இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. பன்னிரண்டு விரிப்பில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

டிரைவர் கைதட்டினார். "அடேயப்பா, கைன்னா இது கை!" அவர் சொன்னது என் கையை. புருஷன் மெதுவாகச் சிரித்தார். "நாற்காலி சுகம் கண்டுட்டாளா?" விரிப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றவள் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரம்மா கைப்பையைக் கீழே வைத்தார். வெட்கமெல்லாம் எனக்கு அப்புறம்தான் வந்தது. அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாளே அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். தன் தம்பியை வேறு வேலைக்குத் துரத்திவிட்டு, இரண்டு மாசம் உட்கார்ந்ததற்கும் சேர்த்து ஆஸ்பத்திரித் துணியும் அவள் தலையில் கட்டினாராம். விரிப்பு கொண்டுவருகிற ஆள்தான் சொன்னார். நான் எண்ணி வாங்கி வைத்தேன்.

மூன்று மாசம் கழித்து மறுபடி கூட்டிக்கொண்டு வந்தார். "திரும்பவும் ஆரம்பிச்சுட்டா மேடம்" என்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

தோளில் விரலை வைத்தேன். முடிச்சு இல்லை. கெட்டியாக இருக்க வேண்டிய இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கியது. அவள் கையை லேசாக அசைத்தேன். அவள் விரிப்பைப் பல்லால் கடித்தாள்.

"உள்ள தசைநார் அறுந்திருக்கு சார். மசாஜெல்லாம் ஆகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு கைக்குட்டைகூட இவ தூக்கக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எந்திரி" என்றார். அவள் எழுந்து நின்றதும் அலமாரிப் பக்கம் கூட்டிப் போய் மேல் தட்டு அடுக்கைத் தள்ளிவிட்டார்.

இடது கை மட்டும் மேலே போயிற்று. வலது கை இடுப்பைத் தாண்டவில்லை. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது; இத்தனை வருஷத்தில் இந்த அறையில் நான் கேட்காத சத்தம். விரிப்புகள் அவள் தலையில் விழுந்து தரையெல்லாம் பரவின.

"பாத்தீங்களா மேடம்? இந்தத் தடவை உஷாராயிட்டா. பிடிக்கவே இல்லை."

"இல்லை சார், நிஜமாவே..."

"நீங்க சும்மா இருங்க. இவ நடிக்கிறான்னு எனக்குக் காட்டிக் குடுத்ததே நீங்கதான்."

அவள் மண்டியிட்டு, இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் குனிந்தேன்.

"விடுங்கக்கா" என்றாள், நிமிராமல். "அழுக்காயிடுச்சு. நாளைக்குத் துவைச்சு அனுப்பிடறேன்."

சொன்னபடியே மறுநாள் பன்னிரண்டும் வந்துவிட்டன. பளிச்சென்று வெளுத்திருந்தன. மடிப்பு மட்டும் ஒன்றிலும் ஓரத்தோடு ஓரம் சேரவில்லை.