ஊதா லுங்கி

ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போக ஒதியம்பட்டிலிருந்து அம்மாவும் அப்பாவும் வரப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே புவனேஸ்வரி பெட்டியைக் கட்டிவிட்டாள். புதுப்பெண் ஆடி மாதத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம்தான். ஆனால் ஒரு மாதத்துக்குப் போகிறவள் கல்யாணப் பட்டுப்புடவைகளையும், மார்கழிக் குளிருக்கு வைத்திருக்கும் சால்வையையும் எடுத்துவைக்க மாட்டாள். புவனா எல்லாவற்றையும் வைத்தாள். புகுந்த ஊரான அபிஷேகப்பாக்கத்துக்குத் திரும்பி வருவதில்லை என்று மனசுக்குள் முடிவாகியிருந்தது.

காரணம், கூடத்தில் கிடந்த நைலான் கட்டில். பங்குனியில் கல்யாணமான புதிதில் இரவெல்லாம் பேசிச் சிரித்த புகழ்வேந்தன், சித்திரை வெயில் ஏறியதும், "உள்ள ஒரே புழுக்கம்" என்று கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போனவன்தான். வெயில் தணிந்தும் கட்டில் உள்ளே வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கரும்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று எழுந்துகொள்வான். என்னைப் பிடிக்கவில்லை, அவன் அம்மா சொன்னாள் என்று தாலி கட்டியிருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

இந்த லட்சணத்தில் அவள் கையிலும் தோளிலும் வட்ட வட்டமாக அரிப்பு வேறு. மாமியார் அமுதம் பார்த்துவிட்டு, "சூடு ஏறிப்போச்சு. கத்திரிக்கா, கருவாடு கிட்ட போவாத" என்றாள். இரண்டும்தான் புவனாவுக்கு உயிர். அவற்றை நிறுத்தியும் வட்டங்கள் கழுத்துக்கு ஏறின. அமுதம் மகனை விரட்டினாள்.

"டேய், சம்பந்தி வர்றப்போ பொண்ணு இந்தக் கோலத்துல நின்னா நான் இன்னா பதில் சொல்றது? வில்லியனூர் டாக்டர்கிட்ட இட்டுக்கினு போடா."

பைக்கில் ஏறியபோது அவன் இருவருக்கும் நடுவில் ஒரு துணிப்பையைச் செருகி வைத்தான். வழியெல்லாம் புவனா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தோல் டாக்டர் செல்வகுமாரி அவள் கையை விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தார்.

"படர்தாமரைம்மா. வேர்வையும் ஈரமும் இருந்தா வர்ற காளான் கிருமி. சரியாப் போயிடும், பயப்படாத. ஆனா இது ஒட்டிக்கிற நோய். வீட்ல வேற யாருக்கு அரிக்குது?"

"யாருக்கும் இல்ல டாக்டர்."

டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார். புகழ்வேந்தனின் கை, அவனை அறியாமல், இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, சட்டையத் தூக்கு."

"இல்ல டாக்டர், பேஷண்ட் அவதான்."

"தூக்குப்பா."

தூக்கினான். இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போட்டதுபோல் சிவந்து தடித்திருந்தது. நடுவில் வேர்வையில் ஊறிய கறுப்பு அரைஞாண் கயிறு.

"இன்னாப்பா போட்ட இதுக்கு?"

"மெடிக்கல்ல ஒரு கிரீம் குடுத்தாங்க. போட்டா அரிப்பு நிக்குது. வுட்டா ரெண்டு மடங்கா வருது."

"வரும். அதுல ஸ்டீராய்டு இருக்கும். அரிப்ப அமுக்கிட்டு கிருமிய வளத்துவிடும். அத இன்னியோட தூக்கிப்போடு. பொண்டாட்டிகிட்ட ஏன் சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான். "கல்யாணமான புதுசுல சொறி புடிச்சவன்னு எப்படி டாக்டர் சொல்றது? அவளுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் கூடத்துல படுத்துக்கினேன். பக்கத்துலகூட உக்காரல."

"அதுக்கா?" என்றாள் புவனா.

"பின்ன வேற எதுக்கு?" அவன் நிஜமாகவே விழித்தான்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. டாக்டர் விடவில்லை.

"அவன்தான் இவ்ளோ தள்ளியிருந்தானே, உனக்கு எப்படி வந்துச்சு? அவன் துண்டை எடுத்தியா?"

"இல்ல."

"அப்புறம்?"

புவனா முந்தானை நுனியைத் திருகினாள். "அவரு ஊதா லுங்கி ஒண்ணு கொடியில கெடக்கும். தனியா படுத்தா தூக்கம் வரல. அதைப் போத்திக்கினு படுப்பேன்."

நர்ஸ் ரோஸ்லின் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்ல குடித்தனம்! கேளுங்க ரெண்டு பேரும். மாத்திரை, களிம்பு ஒரு மாசம். அரிப்பு நின்னதும் நிறுத்தக் கூடாது. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு போர்வை. துணியெல்லாம் வெந்நீர்ல ஊறவச்சி, உள்பக்கத்தைத் திருப்பி வெயில்ல காய வையுங்க. குளிச்சதும் ஈரம் போகத் துடைக்கணும். கருவாடு தாராளமா சாப்பிடு. அப்புறம் தம்பி, அந்தக் கயிறு கூடாது. கிருமி அதுலதான் குடியிருக்கு."

திரும்பி வரும்போது நடுவில் பை இல்லை. ஹேண்டிலில் தொங்கியது.

வீட்டில் கயிற்றுப் பேச்சை எடுத்ததும் அமுதம் எகிறினாள். "உசுரோட இருக்கிற ஆம்பிளைக்கு அரைஞாணை அறுப்பாங்களா? கண்ணு படக் கூடாதுன்னு கோயில்ல வச்சி நான் கட்டினதுடா!"

புவனாதான் சொன்னாள்: "அறுக்க வேணாம் அத்தை. முடிச்சை அவுத்துடலாம். நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவுத்துடுங்க."

அமுதம் மகனை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், கொண்டை ஊசியால் இறுகிய முடிச்சை நெம்பத் தொடங்கினாள்.

"கூச்சமா இருக்கும்மா."

"சும்மா நில்றா! இவ்ளோ படையை வச்சிக்கினு வாயத் தொறக்காம இருந்தியே, அப்ப பட்ட கூச்சம் போதும். கொணமானதும் வெள்ளில போடுறேன்." முடிச்சு விட்டது. "ஏம்மா, டாக்டரம்மா கருவாடு வேணாம்னு சொல்லலியா?"

"தாராளமா சாப்பிடச் சொன்னாங்க அத்தை."

"அந்தம்மாவுக்கும் புடிக்கும்போல" என்று முணுமுணுத்தபடி அமுதம் அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் கத்திரிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் சம்பந்திகள் வந்தார்கள். பெட்டியை ஆட்டோவில் ஏற்றத் தூக்கிய புகழ்வேந்தன் அப்படியே கீழே வைத்தான்.

"இன்னாடி இவ்ளோ கனம்? ஒரு மாசத்துக்குத்தானே?"

புவனா பெட்டியைத் திறந்து பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் அடுக்கினாள். கடைசியாகச் சால்வை. பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு மெதுவாக விளங்கியது.

"புவனா... வராமலே இருந்துடலாம்னு இருந்தியா?"

"லேசாயிடுச்சு, இப்ப தூக்குங்க" என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அந்த லுங்கிய எடுத்துக்கினு போவட்டா?"

"அது வெந்நீர்ல ஊறிக்கினு இருக்குது" என்றான் அவன். "ஆவணில வந்து எடுத்துக்க."