தொண்ணூறுக்குக் கீழே

என் வேலையே எடை பார்ப்பதுதான். விமான நிலையத்தில் பெட்டி வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் எண் ஏற ஏற எதிரே நிற்பவரின் முகம் இறங்கும். ஒரு கிலோதானே, கொஞ்சம் பார்த்து விடுங்க என்று கெஞ்சுவார்கள். சிலர் சண்டைக்கே வருவார்கள். முடியாது, முடியாது என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு தராசு காத்திருந்தது.

அதை வாங்கிப் போட்டவளும் நான்தான். என் கொழுந்தனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அண்ணனுடையது பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்ததும், "எடுத்துக்கோடா, எனக்கு ஒண்ணு போதும்" என்று இவர் சொல்லிவிட்டார். டாக்டர்தான் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு கிலோ. இந்த உடம்புல கத்தி வைக்க மாட்டேன். தொண்ணூறுக்குக் கீழ வாங்க, தேதி குறிக்கிறேன். வாயில போடறது ஒவ்வொண்ணுக்கும் கலோரி கணக்கு பாருங்க."

சொன்னது இவரிடம். பார்த்தது என்னை.

அன்றைக்கே போனில் கலோரிக் கணக்குப் போடும் ஆப் ஒன்றை இறக்கினேன். சமையலறைக்குச் சின்னத் தராசு ஒன்று, ஆள் ஏறி நிற்க ஒன்று வாங்கினேன். முதல் நாளே ரகளை.

"எண்ணெய்க்குமா கணக்கு?"

"அதுதாங்க முதல் கணக்கு. ஒரு கரண்டி நூத்திருபது."

"சட்டியிலதானே ஊத்தினே, என் வாயிலயா ஊத்தினே?"

இவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான் நீண்ட வரிசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து போன் வரும். "வாழைப்பழம் சாப்பிட்டேன். சின்னதா பெருசான்னு கேக்குது இந்தச் சனியன். எதைப் போட?"

"பெருசுன்னு போடுங்க."

"பார்க்காமலே சொல்றே?"

"உங்களைப் பார்த்திருக்கேனே."

வேலை முடிந்து வந்து காலுறையைக்கூடக் கழற்றாமல் பருப்பை நிறுப்பேன், சோற்றை நிறுப்பேன், தட்டில் மிச்சம் வைத்ததை நிறுத்துக் கழிப்பேன். போகிறபோக்கில் இவர் நாலு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் அதையும் கேட்டு வாங்கிக் கணக்கில் ஏற்றுவேன். "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பார்க்கறியே, அதுக்கு எத்தனை கலோரி?" என்று ஒருநாள் கேட்டார். சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

எனக்கு இதில் துளியும் விருப்பமில்லை. திடமாக நடமாடுகிற மனுஷனை எதற்காகப் பிடித்துக் கீற வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஊற்றவில்லை. நாளைக்குக் கொழுந்தனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு என்னால் வாழ முடியாது.

ஞாயிறு காலை எடை பார்க்கும் நேரம். பார்த்ததும் கொழுந்தன் கூப்பிடுவான். அவனுக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் நான்தான் சொல்ல வேண்டும். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து என்று ஒழுங்காக இறங்கிவந்த எண், தொண்ணூற்றுமூன்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. வாரக்கணக்கில் அசையவில்லை. "உப்பைக் குறைங்க மேடம்," என்றாள் நர்ஸ். குறைத்தேன். "வெளியில சாப்பிடறாரான்னு பாருங்க," என்றாள். சட்டையை எல்லாம் மோந்து பார்த்தேன். கேட்டும்விட்டேன். சத்தியமாக இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் பேச்சில்லை.

கொழுந்தன் மட்டும் ஒவ்வொரு வாரமும், "பரவாயில்ல அண்ணி, அடுத்த வாரம் பார்ப்போம்," என்பான். வாரத்துக்கு வாரம் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

போன ஞாயிறும் இவர் விடிந்ததும் வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டதாம். கொஞ்ச நாளாகவே ஞாயிற்றுக்கிழமையானால் இந்த ஊர் லிஃப்டுகளுக்கு என்னதான் வருமோ தெரியவில்லை. தராசில் ஏறினார். தொண்ணூற்றுமூன்று. குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு நிமிரும்போது இடுப்பு கண்ணில் பட்டது. பெல்ட்டின் நுனி ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்கியது. கொக்கி மாட்டியிருந்தது கடைசி ஓட்டையில். அது கடையில் போட்ட ஓட்டையும் இல்லை, ஆணியால் குத்தியது.

இடுப்பு இறங்கியிருக்கிறது, எடை இறங்கவில்லையா?

கோட்டைப் பார்த்தேன். பெட்டியில் எடை குறைவதற்காகக் கனமானதை எல்லாம் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து நிற்பவர்களை நான் தினம் பார்க்கிறேன். அந்தக் கோட்டு தோளை இழுத்துக்கொண்டு எப்படித் தொங்கும் என்று எனக்குத் தெரியும்.

"கோட்டைக் கழட்டுங்க."

"நேரமாச்சு, அங்க ஆளுங்க..."

"கழட்டுங்கன்னேன்."

கழற்றிக் கொடுத்தார். வாங்கிய கை கீழே போய்விட்டது. உள் பையில் இரண்டு பெரிய ஸ்பேனர், ஓரப் பைகளில் நட்டும் போல்ட்டும் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இப்ப ஏறுங்க."

எண்பத்தொன்பதரை.

"என் கவுண்டர்ல எல்லாரும் குறைச்சுக் காட்டத்தாங்க திருட்டுத்தனம் பண்றாங்க. கூட்டிக் காட்டின ஒரே ஆள் நீங்கதான்."

சிரிக்கவில்லை. தராசிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எடுத்துக்கோன்னு சட்டுனு சொல்லிட்டேன். எடை இறங்க இறங்கத்தான் பயம் வந்துச்சு. நாப்பது மாடி உயரத்துல நிக்கறவன்தான் நான். அங்க எல்லாம் என் கையில இருக்கு. இது, மருந்தைக் கொடுத்து கண்ணை மூடுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் திறப்பேனா இல்லையா, யாருக்குத் தெரியும்? வேணாம்னு அவன் முகத்துக்கு நேரா சொல்ல வாய் வரல. எடை இறங்கலன்னா யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாதில்ல?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் சட்டை மோப்பமும், உப்பில்லாத குழம்பும், பேசாமல் கழிந்த நாட்களும் எல்லாம் வீண். ஆனால் வந்தது நிம்மதி. இவருக்கும் மனசில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன்.

போன் அடித்தது. கொழுந்தன்.

"அண்ணி, இந்த வாரம் எவ்வளவு?"

தொண்ணூற்றுமூன்று என்று சொன்னால் போதும். பரவாயில்ல அண்ணி என்பான். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை. எத்தனை பேருக்காக நான் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பது? ஸ்பீக்கரைப் போட்டு போனை இவர் மடியில் வைத்தேன். "அண்ணனே சொல்வாரு, தம்பி."

இவர் போனைக் கவிழ்த்து வைத்தார், மறுபடி நிமிர்த்தினார். பிறகு, "எடை எப்பவோ இறங்கிடுச்சுடா. நான்தான் மறைச்சேன். பயமா இருக்கு," என்றார்.

"அண்ணா, வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. கோச்சுக்க மாட்டேன்னு சொல்லல. கோச்சுப்பேன், அழுவேன், அப்புறம் வேற வழி பார்ப்பேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இப்படி போனைப் பிடிச்சிட்டு உக்கார்றது இருக்கே, அதுதான் இனிமே என்னால முடியாது."

சொல்லிவிடுங்க, வேணாம்னு சொல்லிவிடுங்க என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். இவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எண்பத்தொன்பதரைடா. தேதி வாங்கச் சொல்றேன்."

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, "நர்ஸுக்கு நீ சொல்லிடு," என்றார். எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். நான் அழைத்து எண்ணைச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கச் சொன்னாள்.

"நான்தான் சொன்னேனே மேடம், விடாம பார்த்தா இறங்கிடும்னு. அவரா இருந்தா இதை முடிச்சிருப்பாரா? முழுக்க முழுக்க உங்களாலதான்."

"ஆமா," என்றேன். "என்னாலதான்."