நிலைக்காலில் ஏறிய கோடு

இளையவன் இறந்த பதினெட்டாம் நாள், அவன் உயரத்தைக் குறித்திருந்த பென்சில் கோடு வாசல் நிலைக்காலில் அரை அங்குலம் மேலே ஏறியிருந்தது. தச்சர் டேப்பை இழுத்து இரண்டு முறை அளந்தார். ஐந்தடி ஒன்றரை அங்குலம். மகன் போனபோது ஐந்தடி ஒன்று. பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

தச்சர் வீட்டில் ஜன்னல் சட்டங்களைப் பைக்கில்தான் கொண்டுபோவார்கள். பின்னால் உட்காருகிறவன் சட்டத்துக்குள் தலையை விட்டுத் தோளில் மாட்டிக்கொள்வான். முன்னால் என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. தாழ்வாக எது வந்தாலும் ஓட்டுகிறவன் “குனி” என்று கத்த வேண்டும். மற்றபடி விதி எதுவும் கிடையாது. அன்று சந்துக்குக் குறுக்கே ஓடிய இரும்புக் குழாயைப் பார்த்ததும் வண்டியை ஓட்டிய மூத்தவன் குனிந்தான். சொல்ல மறந்துவிட்டான். தம்பி அப்போது ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான், பாதிதான் சொல்லியிருந்தான்.

அதைப் பற்றி வீட்டில் யாரும் மூத்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பான். கோடு மாதம் அரை அங்குலம் ஏறியது. அதே நிலைக்காலில் இருந்த மூத்தவனின் கோட்டுக்கு இன்னும் ஒரு விரல் இடைவெளி இருந்தபோது அவன் ராணுவத்துக்கு விண்ணப்பித்தான்.

“ஏன்டா திடீர்னு?” என்றாள் அம்மா.

“அவன் என்னைத் தாண்டுறதுக்குள்ள போயிடணும்மா.”

“தாண்டினா என்ன? உன் சட்டையெல்லாம் அவனுக்குப் பத்தாது, அவ்வளவுதானே?”

படைக்கு ஆளெடுத்த இடத்தில் எழுத்தர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான்கு என்றான், அப்படியே எழுதிக்கொண்டார். பயிற்சியில் அவன் எதையும் கத்துவான், ஒரு சொல்லைத் தவிர. சுடும் பயிற்சியில் பக்கத்தில் இருப்பவனைக் குனியச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் அடைத்துப்போய், அவன் பிடரியைப் பிடித்துத் தரையில் அழுத்துவான். அதற்காக மூன்று முறை தண்டனை வாங்கினான். ஆறு வருடம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

வந்தபோது வாசல் எட்டடிக்கு மேல் உயர்ந்திருந்தது. கோடு மேல்கட்டையை நெருங்கிய இரண்டு முறையும் தச்சர் நிலையைப் பிரித்து உயர்த்தியிருந்தார். மூத்தவனின் கோடு அவன் தலையுயரத்தில், இருந்த இடத்திலேயே இருந்தது. தம்பியின் கோட்டைப் பார்க்கத்தான் அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது. அது மறுபடியும் மேல்கட்டைக்கு ஒரு நூல் கீழே நின்றது.

“இதுக்கு மேல கூரைதான்,” என்றார் தச்சர். “பிரிச்சு உயர்த்த இடமில்ல. நாளைக்கு இடிச்சுக்குவான்.” அவர் மகனைப் பார்க்காமல் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூத்தவன் தொப்பியைக் கழற்றினான். மேல்கட்டையை அண்ணாந்து பார்த்து இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான். மூன்றாவது முறை தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

“குனிடா!”

காலையில் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அளந்தாள். கோடு முக்கால் அடி இறங்கியிருந்தது. “குனிஞ்சுட்டான்,” என்றாள். தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தேதியைக் குறித்தார். பிறகு மூவரும் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.