இழை விடாத கரைசல்

ஆய்வுத் துறையின் வெள்ளிக்கிழமைக் காலை உணவுக்கு ரொட்டி வாங்கிவரும் முறை இந்த வாரம் டோர்கிலுடையது. பன்னை இரண்டாக வெட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"டாக்னி, கட்டுரைய நீயே வாபஸ் வாங்கிடு. கொஞ்சம் மானமாவது மிஞ்சும்."

டாக்னி காப்பியைக் கீழே வைத்தாள். நீளச் சங்கிலி மூலக்கூறான பாலிமரைத் தண்ணீரில் துளி கலந்தால் குழாயில் சுழிப்பு அடங்கும்; பம்ப்புக்குப் பாதி வேலைதான். வீடுகளைச் சூடாக்க ஊருக்கு வெந்நீர் அனுப்பும் நிறுவனத்துக்கு டோர்கில் அதைப் பரிந்துரைத்திருந்தான். ஆனால் சூட்டைக் குழாய்ச் சுவருக்குக் கொண்டுபோவதும் அதே சுழிப்புதான். அது அடங்கினால் வீடுகளில் வெந்நீர் ஓடும், சூடு இறங்காது. டாக்னி அளந்து கட்டுரையாக எழுதியது இதைத்தான். அளவு தப்பென்று ஆனால் அவளுடைய வேலை இந்த மாதத்தோடு சரி.

"உன் சோதனைய நானே செஞ்சு பார்த்துட்டேன். சூடு வெறும் தண்ணியில போற மாதிரியே போகுது. உன் வெப்பமானியெல்லாம் பொய் சொல்லுது" என்றான்.

துறைத் தலைவி குட்ரூன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குழாயில அழுத்தம் எவ்வளவு குறைஞ்சுது? பாலிமர் வேலை செஞ்சா அது குறையணுமே" என்றாள் டாக்னி.

"அதை எதுக்கு அளக்கணும்? சண்டை சூட்டப் பத்தித்தானே."

டாக்னி ஆய்வுக்கூடத்துக்குப் போய், இருவர் தொட்டியிலிருந்தும் மொண்ட இரண்டு குவளைகளோடு வந்தாள். தன் தொட்டிக் கரைசலில் இரு விரல்களை நனைத்து மெல்ல விரித்தாள். நடுவே முடிபோல ஓர் இழை நின்றது. டோர்கிலின் கரைசலில் நனைத்து விரித்தாள். சொட்டியது.

"உன் தொட்டியில இருக்கறது வெறும் தண்ணிதான், டோர்கில். வேக பம்ப்ல ஓட்டியிருக்க. அதோட பிளேடு பாலிமர் சங்கிலியப் பூரா நறுக்கித் தள்ளிடுச்சு."

நீண்ட சங்கிலிகளைக் காற்றழுத்தத்தால்தான் தள்ள வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். டோர்கிலின் காதுகள் சிவந்தன. "நாள் இல்ல, அவசரம்..." என்றான்.

குட்ரூன் தன் விரலையும் நனைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வேக பம்ப்னு உனக்கு எப்படித் தெரியும்?"

டாக்னி குவளைகளை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். "திங்கட்கிழமை அவன் மாட்டும்போது பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"ஒண்ணும் சொல்லல. இவன் ரெண்டு வருஷமா என்னக் கேலி பண்ணினான். விழட்டும்னு விட்டுட்டேன்."

"அவன் மட்டுமா விழுந்தான்? அந்தச் சோதனைய நம்பித்தான் பாலிமர் கலக்கலாம்னு நேத்து நிறுவனத்துக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்."

அது டாக்னிக்குத் தெரியாது.

குட்ரூன் விரலைத் துடைத்தாள். "உன் அளவு சரி. கட்டுரை வெளியாகட்டும். நான் நிறுவனத்தக் கூப்பிட்டு அசிங்கப்பட்டுக்கறேன். ஆனா உன் வேலைய நீட்டிக்க மாட்டேன். அந்தக் கட்டுரையோட வேற எடத்துல வேலை தேடிக்கோ."

"அப்ப டோர்கில்?"

"அவன் முட்டாள்தனம் எனக்குப் புரியுது. நீ பார்த்துட்டுச் சும்மா இருந்ததுதான் புரியல."

டோர்கில் வெண்ணெய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.