முதல் பக்கத்துச் சந்தேகம்

மர்ம நாவல் படித்து இணையத்தில் நட்சத்திரம் போடுவது அந்தப் பல் டாக்டருக்குப் பைத்தியம். அன்று படித்த நாவலில், கதாநாயகியின் கணவன்தான் கொலைகாரன் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துபோனது. ‘இதெல்லாம் ஒரு மர்மமா!’ என்று எரிச்சலோடு இரண்டு நட்சத்திரம் போடப் போனால், அங்கே அதே நாவலுக்கு அவளே எழுதிய பழைய விமர்சனம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வருடம் எழுதியது.

‘கணவனைக் கனவிலும் சந்தேகப்படவில்லை. தூக்கிவாரிப் போட்டது. ஐந்து நட்சத்திரம்.’

படித்த ஞாபகமே இல்லை. காபியோடு வந்த கணவனிடம் கேட்டாள்.

“ஏங்க, அப்போ நான் மக்கா இருந்தேனா, இல்ல இப்போ பைத்தியமாயிட்டேனா?”

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான். “முதல் பக்கத்துல அவன் அப்படி என்னதான் செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யலைங்க. பொண்டாட்டிக்குக் காபி போட்டுக் குடுத்தான்.”

நீட்டிய டம்ளரை வாங்குவதா வேண்டாமா என்று புரியாமல் விழித்தாள்.