நாற்பத்தொன்றாம் எண்

"நாப்பத்தோராம் நம்பர் ஃபாரத்தத் திறங்க, டாக்டர்."

எதை வேண்டுமானாலும் கேள், ஆய்வில் பதிந்து பூட்டிய ஃபாரத்தைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே ஆய்வுத் தலைவர் ராஜசேகரன் சொல்லியிருந்தார். ஷஹீரா அதைத்தான் கேட்டாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

அறுபது வயதைத் தாண்டிய பெண்களின் தசையும் வலுவும் எவ்வளவு பரம்பரையாக வருகின்றன, எவ்வளவு உழைப்பால் வருகின்றன என்று பார்க்கும் ஆய்வு. மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுக்கச் சுற்றி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் எச்சில் எடுத்து, கைவலுவை அளக்கும் கைப்பிடிக் கருவியை அழுத்தச் சொல்லி, கேள்வித்தாளை நிரப்பியவள் அவள்தான்.

"அதுல என்ன தப்பு?"

"வேலைங்கிற எடத்துல 'இல்லத்தரசி, கனமான வேலை இல்லை'ன்னு இருக்கு. பொய்."

"யாரு எழுதினது?"

"நான்."

"அந்த அம்மா யாரு?"

"எங்க உம்மா."

ராஜசேகரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கெலாங் பாத்தாவில் ரொட்டி என்றால் லியாக்கத் அலி கை என்றுதான் பேச்சு. கடைப் பலகையிலும் 'லியாக்கத் அலி கைப்பக்குவம்' என்றே எழுதியிருக்கும். முன்னால் நின்று ரொட்டி வீசுகிறவர் அவர், ஷஹீராவின் வாப்பா. பின்கட்டில் தினமும் பன்னிரண்டு கிலோ மாவைப் பிசைகிறவள் உம்மா ஜொஹரா. முப்பத்தொரு வருஷமாக. கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. வீட்டிலும் யாரும் அதை வேலை என்று சொன்னதில்லை.

ஊர்ச் சின்னப் பள்ளிவாசலான சூராவின் மண்டபத்தில் பரிசோதனை நடந்த அன்று, ஜொஹரா அழுத்திய அழுத்தில் முள் முப்பத்து நான்கு கிலோவில் போய் நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். "அலமாக், ஜொஹராக்கா! ஒங்க வூட்டுக்காரர் பாத்து நடந்துக்கணும் லா!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

"ஒங்க அம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று பக்கத்தில் நின்ற, ஆய்வில் உடன் வேலை பார்க்கும் ஃபரீஹா கேட்டாள். ஃபரீஹாவின் அம்மா தலைமையாசிரியை. ஷஹீராவின் பேனா சட்டென்று 'இல்லத்தரசி'யில் டிக் போட்டது. வாப்பாவின் பெயரைக் காப்பாற்றத்தான் என்று அன்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஜொஹரா அந்த டிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

போன மாதம் அதே மண்டபத்தில் முடிவுகளைச் சொன்னார்கள். நாற்பத்தொன்றாம் எண், பெயர் இல்லை. "ஒரு கனமான வேலையும் செய்யாம இந்த வலு. இதத்தான் பரம்பரைங்கறோம்" என்றார் ராஜசேகரன். அது யார் என்று மண்டபத்தில் தெரியாதவர் இல்லை. தேநீர் கொண்டுவந்திருந்த வாப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

அடுத்த வாரம் ஜொஹரா, வலது தோள் வலிக்கிறது, மாவு பிசைய ஒரு மெஷின் வாங்கலாமா என்று கேட்டாள்.

"மெஷினா? ஒனக்கா? பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, ஒன் ரத்தத்துலயே இருக்குன்னு. சும்மா பிசை!"

ஷஹீரா அப்போது அடுப்படி வாசலில்தான் நின்றாள். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

நேற்று உம்மா தலையில் போட்ட துடோங் முக்காட்டுக்கான ஊசியை அவளிடம் நீட்டினாள். "இதக் குத்தி வுடு புள்ள. கை மேல வரல."

"எத்தன நாளா?"

"அது கெடக்கு. நீ குத்து."

ஷஹீரா ஊசியைக் குத்திவிட்டாள். எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னாள், ஃபாரத்தை மாற்றட்டுமா என்றும் கேட்டாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். ஒன் படிப்புக்குக் கேடு வராமப் பாத்துக்க" என்றாள் உம்மா. திட்டியிருந்தால் தேவலை.

"இங்க பாரு ஷஹீரா," ராஜசேகரன் குரலைத் தணித்தார். "ஒரு ஆள மாத்தினா சராசரி நகராது. ஆனா நீ பொய் எழுதினது வெளிய வந்தா நீ எடுத்த எல்லா ஃபாரத்தையும் சந்தேகப்படுவாங்க. கட்டுரையில ஒன் பேரு இருக்காது. மாஸ்டர்ஸ் எடமும் போயிடும். ஒங்க குடும்பத்துல மொத பட்டதாரி நீ. யோசிம்மா."

"எங்க உம்மா கையும்தான் நகரல, டாக்டர்."

"நான் திறக்கறதா இல்ல. வீட்டுக்குப் போ. நாளைக்குப் பேசுவோம்."

அவள் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். "நான் பொய் எழுதினத ஒத்துக்கிட்டு, திருத்தச் சொல்லி எழுதின கடிதம். இது ஒங்க காப்பி. ஆய்வு நெறிமுறைக் குழுகிட்ட காலையிலேயே குடுத்துட்டேன். சீல் போட்டு வாங்கிக்கிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து கேட்ட?"

"நீங்களாத் திறந்திருந்தா, எங்க வாப்பாகிட்டயும் நீங்களே வந்து சொல்லுங்கன்னு கேட்டிருப்பேன். உம்மா பேச்சு, எம் பேச்செல்லாம் அங்க எடுபடாது. பரவால்ல. நானே போயி சொல்றேன்."

பையில் இன்னொரு காப்பி இருந்தது. அதில் திருத்தம் இப்படி: வேலை: ரொட்டி மாவு பிசைதல், முப்பத்தொரு ஆண்டுகள். மதியக் கூட்டம் கலைவதற்குள் கடைக்குப் போய்விட வேண்டும். ராஜசேகரன் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கெலாங் பாத்தா பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தபடியே அவள் வெளியே நடந்தாள்.